நின்ற வண்டி ஓடிய மைல்கள்

வண்டி நிறுத்திய இடத்தை விட்டு அசையவில்லை. மீட்டரில் மட்டும் இருபத்தெட்டு மைல் கூடியிருந்தது.

அர்த்தநாரி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். வேப்பங்குச்சியை வாயில் கடித்தபடியே குனிந்து, முன்னறையின் அரைகுறை வெளிச்சத்தில், வட்டக் கண்ணாடிக்குள் நின்ற வெள்ளை எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். 18,434. முந்தின நாள் ஞாயிறு சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பி, வாசற்படியில் பலகை போட்டு வண்டியை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தியதும் அவன் செய்த முதல் காரியம் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்ததுதான். நோட்டு அலமாரியில் இருந்தது. 18,406. எழுத்து அவனுடையதே. கதவின் உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. வைகாசி பிறந்தும் வெயில் தணியாத பாலக்காட்டில், விடிகாலையிலேயே புழுங்கும் அந்த அறையில், எரிந்த ஆயிலின் வாசம் லேசாக இருந்தது. இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக். டிக். தூரம் ஓடி வந்த இன்ஜின் சூடு ஆறும்போது போடும் சத்தம். அது என்ன சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவன் பிழைப்பே மோட்டார்தான். பாலக்காடு வடக்கந்தரைப் பக்கம் ஒரு சின்னக் கடை. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தருவான். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, கடைக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊரில் காடு தோட்டத்தோடு அம்மா மருதாத்தாள் இருந்தாள். கைத்தொழிலில் குறை சொல்ல முடியாதவன். ஆனால் அவனிடம் ஒரு குணம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் திட்டம் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. போட்ட திட்டத்தை நடத்துவதில் அவனுக்குப் பின்னால் நிற்கவும் ஆள் கிடையாது. இந்தத் தடவை அவன் போட்ட திட்டம் அவன் தங்கையைப் பற்றியது.

சின்னத்தாயி அவனுக்கு எட்டு வயது இளையவள். சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த அப்புசாமிக்கு அவளைக் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் தீபாவளிக்கு அழைத்து வர அர்த்தநாரி நாலு பஸ் மாறிப் போனான். அப்புசாமி அவனை வீட்டுக்குள் விடவில்லை. களத்தில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். விழுந்தவனை எழ விடாமல் செருப்புக் காலால் தோளை மிதித்தான். சின்னத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வீங்கியிருந்தது. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அர்த்தநாரி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறி வந்துவிட்டான். அம்மாவிடம், அவள் நன்றாக இருக்கிறாள், தைக்கு வருகிறேன் என்று சொன்னாள் என்றான்.

பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. தங்கையின் வீட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் அழகுத்தாய் என்ற பெண் யாரையோ பிடித்து எழுதச் சொன்ன கடிதம். ‘அண்ணாச்சி, தங்கச்சி ஒடம்பு தேறாது போல இருக்கு. அடி தாங்க மாட்டேங்கிறா. வெள்ளிக்கெழமையானா அந்த ஆளு ஏலக்கா விக்கப் போடிச் சந்தைக்குப் போயிருவாரு. மழ புடிக்கிறதுக்குள்ள ஒரு வெள்ளிக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிருங்க. மழ புடிச்சா இந்த ரோட்டுல ஒண்ணும் ஏறாது.’

கடிதத்தைப் படித்த அன்றே கிளம்பியிருந்தால் கதை இல்லை. அர்த்தநாரி ஒரு பழைய புல்லட் வாங்கினான். நோவு கண்ட பெண்ணைப் பஸ்ஸில் அலைக்கழிக்க முடியாது, சொந்த வண்டி என்றால் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்குத் திரும்பலாம் என்று அம்மாவிடம் விளக்கினான். பிறகு வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வழியை எழுதினான். பொள்ளாச்சி 28 மைல். உடுமலை 16. சின்னாறு 17. மறையூர் 10. மூணாறு 25. பூப்பாறை 19. அங்கிருந்து சாந்தன்பாறை தாண்டி எஸ்டேட் ரோடு தொடங்கும் வளைவு வரைக்கும் 7. போக 122, வர 122. எங்கே பெட்ரோல், எங்கே பஞ்சர் ஒட்டுவார்கள், எந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்த கியர், சின்னாற்றில் யானை நின்றால் எவ்வளவு தூரத்தில் இன்ஜினை அணைப்பது. கிளட்ச் கேபிள், பிளக், செயின் கண்ணி, கம்பளிச் சட்டை, அவளுக்கு ஒரு மழைக்கோட்டு. இரவில் படுத்துக்கொண்டே அந்தப் பட்டியலைப் படிப்பான். படித்தால் போய் வந்த மாதிரியே இருக்கும், நன்றாகத் தூக்கம் வரும். இப்படியே எட்டு வெள்ளிக்கிழமை போயிற்று.

ஒன்பதாவது வாரம் பட்டியலில் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவனுக்குப் பயம் வந்தது. மலைப் பயமில்லை, அப்புசாமி மேல் பயம். அந்தச் செருப்பின் பாரம் இன்னும் தோளில் இருந்தது. அப்போதுதான் அம்மா, தூரப் பயணம், கருப்பராயனிடம் பூக் கேட்டுவிட்டுப் போ என்றாள். அவனுக்கு வழி கிடைத்தது.

அவர்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதிலும் இறங்குவதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் போ. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசாரி நல்லதம்பி பூத்தட்டை அவனிடம் நீட்டி, “பொறந்தவன் நீதானுங்க கட்டோணும்” என்றார். மண்குதிரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அர்த்தநாரி இரண்டு பொட்டலத்திலும் அரளியையே வைத்து மடித்தான்.

சிவப்பு வந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “கருப்பன் வேண்டாங்கறான். ஆடி கழியட்டும் கண்ணு, மறுக்கா கேப்போம்” என்றாள். மற்றப் பொட்டலத்தை நானே கிணற்றில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டவன், கிணற்றடியில் ஆள் இருந்ததால் அதை வண்டியின் பக்கப் பெட்டிக்குள் திணித்தான். வழியில் எறிந்துவிடலாம் என்று நினைத்தான். மறந்துவிட்டான். அன்றைக்கு வண்டி ஓட்டி வந்தபோது அவன் சீழ்க்கைகூட அடித்தான்.

மறுநாள் காலையில்தான் இருபத்தெட்டு மைல். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி.

யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை 18,450. அது உடுமலை. அன்றைக்கு டாங்கிலிருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை தகரத்தில் வடித்தான். முன்சக்கரத்தையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். புதன்கிழமை காலையில் சங்கிலி அப்படியே இருந்தது, பூட்டு அப்படியே இருந்தது, டாங்கு காய்ந்து கிடந்தது. 18,467. சின்னாறு. டயரின் வரிகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஈரச் சாணி ஒட்டியிருந்தது, அதில் மென்று துப்பிய மூங்கில் நார். மாட்டுச் சாணி இப்படி இருக்காது. வியாழக்கிழமை மறையூர். அறை முழுக்கக் கரும்புப் பாகு காய்ச்சும் வாசம் அடைந்து நின்றது. கதவைத் திறந்து வைத்தும் மதியம் வரை போகவில்லை. அன்று அவன் கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லலாம் என்று வாசல் வரை போனான். என்ன சொல்வது? நான் போகாத இடத்துக்கு என் வண்டி போகிறது என்றா? திரும்பி வந்து வண்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை மணி ஆறு. கணவாய்க் காற்று சூடாக வீசத் தொடங்கியிருந்தது. எதிரே வண்டியின் டாங்கு முழுக்கப் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஹேண்டில் கம்பியில் விரலை வைத்தான், விறைத்துக்கொண்டது. பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு இடையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக ஒரு தேயிலைக் கிள்ளு மாட்டியிருந்தது, இப்போதுதான் பறித்த பச்சை. 18,502. மூணாறு.

அவன் மெக்கானிக். மெக்கானிக்காகவே யோசித்தான். மீட்டருக்குச் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் வருகிறது. அதைக் கழற்றிவிட்டால் எண் எப்படி ஓடும்? ஸ்பேனர் எடுக்கப் பக்கப் பெட்டியைத் திறந்தான். பொட்டலம் இருந்தது. ஐந்து நாள் பெட்டிச் சூட்டில் கிடந்த பூவரச இலை பறித்த இலையாக இருந்தது. பிரிக்கக் கூடாதென்று தெரியும். பிரித்தான்.

வெள்ளை.

நந்தியாவட்டை. ஐந்து பூ. காம்பில் பால் காயவில்லை. அவன் கையால் வைத்தது அரளி. அவன் கையால் மடித்தது அரளி.

கேபிளைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தான். இரண்டு தடவை ஸ்பேனர் விழுந்தது. சனிக்கிழமை 18,521. ஞாயிற்றுக்கிழமை 18,528. நோட்டில் போகும் வழிக்கு அவன் எழுதிய கடைசி வரி அதுதான். எஸ்டேட் ரோடு தொடங்கும் வளைவு. வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அவன் நிஜமாகவே கிளம்பினான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வண்டியைத் தொட மனமில்லாமல், பையில் கம்பளிச் சட்டையையும் அவளுடைய மழைக்கோட்டையும் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். பொள்ளாச்சி பஸ் மூன்று அவன் கண் முன்னால் புறப்பட்டுப் போயின. மூன்று தடவையும் எழுந்தான். மூன்று தடவையும் தோளில் அந்தச் செருப்பு ஏறியது. கடைசியில் ஸ்டாண்டு வாசலில் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி, முழங்காலில் வைத்து அழகுத்தாய்க்கு எழுதினான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் ஏழு, காலை பத்து மணிக்கு நானே வண்டியில் வருகிறேன். தங்கையை வளைவில் வந்து நிற்கச் சொல்லவும். எழுதும்போது அவன் பொய் சொல்லவில்லை. எப்போதும் எழுதும்போது அவன் பொய் சொல்வதில்லை.

அதன் பிறகு மீட்டர் ஓடவில்லை. பன்னிரண்டு நாள். 18,528. காலையில் எழுந்து பார்ப்பான், அதே எண். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும். டிக் டிக் இல்லை. அவனுக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. வெக்கையில் மூளை கலங்கியிருக்கும் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டான். ஆனால் வண்டியின் முன்விளக்கு அவன் போகும் பக்கமெல்லாம் பார்ப்பதாகவும், அது யாருக்காகவோ காத்து நிற்பதாகவும் தோன்றும்போது, அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டான்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின இரவு மழை பிடித்தது. காலையில் எழுந்து கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். தெரு தெரியவில்லை. தண்ணீர் கூரை ஓட்டிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. இந்த மழையில் மலை ரோட்டில் எவனும் போக மாட்டான், அவளும் வந்து நிற்க மாட்டாள், புத்தி இருக்கிற யாரும் நிற்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றினான். குடை பிடித்துக் கடைக்குப் போய்க் காயில் கட்ட உட்கார்ந்தான். பத்து மணிக்கு வடக்கந்தரைக் கோயிலில் யாரோ நேர்ந்துகொண்டு வெடி வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் செம்புக் கம்பியின் சுற்றுக் கணக்கு விட்டுப்போயிற்று. முதலிலிருந்து எண்ணினான். மறுபடியும் விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை விடிகாலையில் அந்தச் சத்தம் அவனை எழுப்பியது. டிக். டிக். டிக்.

போர்வை தரையில் கிடந்தது. நனைந்திருந்தது. 18,535. ஏழு மைல். வளைவிலிருந்து பூப்பாறை.

திரும்பி வருகிறது.

வண்டியில் இன்னொரு மாற்றம் இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பின்சக்கரத்து இரண்டு ஸ்பிரிங்கும் அமுங்கி, மட்கார்டு டயரை உரசும் அளவுக்கு இறங்கியிருந்தது. பின்சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. சீட்டில் யாருமில்லை. ரெக்சினில் ஒரு குழி மட்டும் இருந்தது, அதில் செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தில் தண்ணீர் மறுபடி ஊறியது.

ஞாயிறு 18,554. திங்கள் 18,579. செவ்வாய் 18,589. புதன் 18,606. ஒவ்வொரு காலையும் வாசம் கனத்துக்கொண்டே வந்தது. ஏலக்காய் வாசம். டீயில் போடும் வாசமில்லை. பச்சைக் காயைப் புகையில் வாட்டும் ஸ்டோரின் வாசம், அப்புசாமி வீட்டுக் களத்தில் விழுந்து கிடந்தபோது மூக்கில் ஏறிய அதே வாசம். அதற்கு அடியில் ஈர மண். ஆழத்திலிருந்து புரட்டிப் போட்ட மண். அர்த்தநாரி சமையலறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டான். முன்னறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதனால் வெளியே போகவில்லை.

வியாழக்கிழமை காலை 18,622. பொள்ளாச்சி வந்தாயிற்று. மிச்சம் இருபத்தெட்டு.

அன்று மதியம் கதவு தட்டப்பட்டது. அம்மா. மழையில் நனைந்து, ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, ஒரு கையில் நெய்த் தூக்கு, முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பை அவன் பார்க்கவில்லை.

“சின்னவ எங்க சாமி?” என்றாள்.

பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஊர் விலாசத்துக்கு வந்தது, பூசாரி நல்லதம்பி படித்துக் காட்டினாராம். “பூ செகப்பு வந்துங்கூட நீ போயிருக்கறே பாரு. நீ போக மாட்டேன்னு நெனச்சேன். தப்புத்தான் கண்ணு” என்று அவன் கன்னத்தைத் தடவிவிட்டு, மகள் வந்தால் பசியோடு வருவாளே என்று சமையலறைக்குப் போனாள். அவளுக்குப் பிடித்த அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கப் போகிறாளாம்.

அர்த்தநாரி கடிதத்தைப் படித்தான். ‘அம்மாவுக்கு அழகுத்தாய் எழுதிக்கிறது. அண்ணாச்சி எழுதுன சொல்லுப்படி வெள்ளிக்கெழம காலையிலயே தங்கச்சி துணி மூட்டையோட வளைவுல போயி நின்னுட்டா. மழ கொட்டுது, லயத்துக்கு வந்துருன்னு கூப்புட்டேன். எங்கண்ணன் பத்து மணிக்கு வந்துரும், நான் இல்லாட்டித் தேடும்னு சொல்லிட்டா. மஞ்சு மூட்டத்துல எங்களுக்கு ஒண்ணும் தெரியல. பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு, மலையே அதிர்ந்துச்சு. மழ விட்டுப் போயிப் பாத்தா வளைவே இல்ல, மலை சரிஞ்சு ரோட்ட மூடிக் கெடக்கு. அதுக்கு முந்தியே அண்ணாச்சி கூட்டிட்டுப் போயிட்டாகளேன்னு சாமியக் கும்பிட்டோம். வந்து சேந்ததுக்கு ஒரு காயிதம் போடுங்க.’

இரண்டு தடவை படித்தான். அவன் போகவில்லை. எந்த வண்டியும் அங்கே போகவில்லை. அவர்கள் கேட்டது மலை இறங்கிய சத்தம். அவள் அதற்கு அடியில் நின்றிருந்தாள். அவன் பத்து மணிக்கு வருவான் என்று நின்றிருந்தாள்.

“எங்க சாமி உட்டுட்டு வந்தே அவள?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“வந்துட்டிருக்கறாங்மா” என்றான். அவனுக்கே அது பொய்யாகப் படவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மழை வலுத்தது. விளக்கு இரண்டு தடவை மங்கி, போய்விட்டது. சமையலறையில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் தேடும் பாத்திரச் சத்தம். முன்னறையில், கேபிள் இல்லாத மீட்டரில், சின்னதாக ஒரு சத்தம். எண் உருளும் சத்தம். இதுவரை அது காலையில்தான் ஏறியிருந்தது. ஏறுவதை அவன் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது காலைக்குக் காத்திருக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தான். 18,631. அவன் பார்க்கப் பார்க்க 18,632.

வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது. அம்மா பார்ப்பதற்குள். 18,650 ஆவதற்குள். சங்கிலியை அவிழ்த்தான். கதவைத் திறந்து பலகையைப் போட்டான். சாரல் முகத்தில் அடித்தது. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினான். நகரவில்லை. வண்டியோடு ஓர் ஆள் பாரம். மறுபடி தள்ளினான். ஏறி உட்கார்ந்து, உடம்பை முன்னால் எக்கினால்தான் ஸ்டாண்டிலிருந்து இறங்கும்.

ஏறி உட்கார்ந்தான்.

பின்னால் ஸ்பிரிங் முனகியது. சீட்டில் யாரோ வசதியாக நகர்ந்து உட்காரும் முனகல்.

அவன் அசையவில்லை.

சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் அவளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவான். தூக்கம் வந்தால் அவள் நெற்றியை அவன் முதுகில் சாய்த்துக்கொள்வாள். விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் அவன் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, விரலால் சட்டையின் மூன்றாவது பித்தானைத் திருகிக்கொண்டே வருவாள். வீடு வரும் வரை திருகுவாள்.

முதுகில் ஒரு நெற்றி சாய்ந்தது.

ஈரமாக. குளிர்ந்து. கனமாக.

இரண்டு கைகள் அவன் வயிற்றைச் சுற்றி வந்தன. ஏலப்புகை. மண். விரல் பித்தானைத் தேடியது. ஒன்று. இரண்டு. மூன்று. திருகியது.

“ஊடு வந்துருச்சுங்களாண்ணா?”

சமையலறைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அதில் மீட்டரைப் பார்த்தான். 18,648. அம்மா விளக்கோடு வந்துகொண்டிருந்தாள். வெந்த பருப்பின் வாசம் அவளோடு வந்தது. நிலைப்படியில் நின்று விளக்கை உயர்த்தினாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் முகம் முழுக்க மலர்ந்தது.

“வந்துருச்சு சாமி,” என்றாள். “எறங்கு. நனைஞ்சு போயிட்டியே.”

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. விளக்கு நடுங்கத் தொடங்கியது.

அந்த வெளிச்சத்தில் அர்த்தநாரி தன் வயிற்றைப் பார்த்தான். பத்து விரல்கள். நகத்துக்குள் செம்மண், நகம் பெயர்ந்த இடத்திலும் செம்மண். அவை விடவில்லை. இறுக்கின.

18,650.

நோட்டில் அதற்கு மேல் அவன் எதுவும் எழுதியிருக்கவில்லை. திறந்த கதவுக்கு வெளியே மழை. பெட்ரோல் இல்லாத இன்ஜின் அவன் தொடைகளுக்கு நடுவில் மெல்ல அதிரத் தொடங்கியது. கண்ணாடிக்குள் கடைசி எண் அசைந்து, நின்று, உருண்டது.

18,651.